எண் இல்லாத புள்ளி

இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்ய வந்திருந்தால் நிலா, சுடுகாடு, நாய் ஊளை என்று ஊரறிந்த சாமான்களை வைத்து ஒன்று எழுதியிருப்பேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மீன்பிடிப் படகுச் சங்கத்தின் மாடி அறையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஒரு லேப்டாப்பின் முன்னால். மதியம் ஒன்றரைக்குத் தொடங்கியது. நாலு மணிக்குள் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றுதான் நானும் சில வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தம்பிக்கும் அங்கேயே வேலை. ஒவ்வொரு படகிலும் அவன் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தியிருந்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தன் எண்ணையும், தான் இருக்கும் இடத்தையும் ரேடியோவில் அனுப்பும். எங்கள் மொட்டைமாடி ஆன்டெனா அதைப் பிடிக்கும். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் அதைப் புரிந்துகொண்டு, வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று எவரோ புண்ணியவான்கள் திறந்து வைத்த மென்பொருள் அது. தம்பி அதை எங்கள் பெட்டிகளுக்கு ஏற்றபடி தலைகீழாகத் திருத்தியிருந்தான். "அக்கா, நீ பிரிண்டருக்குப் பேப்பர் போடற இன்ஜினியர். இதுல மட்டும் கை வச்சிடாத" என்பான். நானும் வைத்ததில்லை.

அன்று காலை ஒரு புதுப் பெட்டியைச் சோதித்துப் பார்க்கப் படகேறிப் போனான். அவனையும் சேர்த்து நான்கு பேர். பத்து மணிக்கு வானம் கறுத்தது. இணையம் போயிற்று. பன்னிரண்டே முக்காலுக்கு ஓர் இடி. கட்டிடம் ஒருமுறை குலுங்கியது. மாடிக் கம்ப்யூட்டர் கருகிய வாடையோடு அணைந்தது. அதோடு எல்லாப் புள்ளிகளும் போயின.

ஒன்றரைக்குள் மற்றப் படகுகள் கரைக்கு வந்து, பெட்டிகளையும் அணைத்துவிட்டன. தம்பியின் படகு மட்டும் வரவில்லை.

மீட்புப் படகு இருப்பது ஒன்றுதான். அதை ஓட்டுபவரை எல்லோரும் மீசைக்காரர் என்போம். மழைக்கோட்டோடு கீழே வந்து நின்றார்.

"இந்தக் காத்துல ஒரு தடவைதாம்மா போக முடியும். தேடிக்கிட்டுத் திரிய முடியாது. இடத்தைச் சொல்லு, போறேன்."

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"நாலு மணிக்கு மேல கடல் என் பேச்சைக் கேக்காது. என் வீட்டுக்காரி மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. தம்பியின் மனைவி சுவரோரமாக நின்றிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அண்ணி, நீங்க செஞ்சிடுவீங்கதான?" என்றாள்.

செய்வேன் என்று சொன்னேன். எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னேன்.

என்னிடம் இருந்தவை மூன்று. ஒரு காலி லேப்டாப். கட்டைவிரல் அளவில் ஓர் உதிரி ரேடியோ கருவி. தம்பி மேஜையில் விட்டுப்போன பென் டிரைவ். அதில் இருந்தது மூல நிரல். அதாவது சமைத்த சாப்பாடு கிடையாது, மளிகைச் சாமான். அதை அந்தந்தக் கம்ப்யூட்டரில்தான் கட்டி எழுப்ப வேண்டும். அதற்கு மூன்று கட்டளைகள். கன்ஃபிகர், மேக், இன்ஸ்டால்.

ஆன்டெனா கேபிளை ரேடியோ கருவியில் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். முதல் கட்டளையை அடித்தேன்.

கன்ஃபிகர் என்பது கேள்வி கேட்கும் கட்டம். தனக்கு வேண்டியதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று தேடும். பதிலையும் தானே சொல்லிக்கொள்ளும். திரையில் ஆங்கிலத்தில்தான் ஓடியது. என் காதில் இப்படித்தான் விழுந்தது.

நிரலைக் கட்டும் கம்பைலர் இருக்கிறதா... இருக்கிறது.

வரைபட நிரல் இருக்கிறதா... இருக்கிறது.

ஒவ்வொரு வரியிலும் என் மனசு இன்னொரு கேள்வியைச் செருகியது. இருக்கிறானா... இருக்கிறானா... திரை 'இருக்கிறது' என்று சொல்லும்போதெல்லாம் மூச்சு விட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அன்றைக்கு எனக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

ரேடியோ நிரல் இருக்கிறதா... இல்லை.

அதோடு நின்றுவிட்டது.

ரேடியோ கருவியோடு பேசுவதற்கான உதவி நிரல் அது. தனியாக இறக்க வேண்டும். இணையம் இல்லை. பென் டிரைவை மேலும் கீழுமாகத் தேடினேன். கருகிய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அது உயிரற்றுக் கிடந்தது. மணி இரண்டு நாற்பது. கீழே போய் யார் போனிலாவது சிக்னல் இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்கும் இல்லை. தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் படியேறினேன்.

தொலைந்த சாவியைப் பார்த்த டப்பாவிலேயே மறுபடியும் கையை விடுவோமே, அப்படித்தான் அந்தக் கட்டளையை மறுபடியும் அடித்தேன்.

ரேடியோ நிரல் இருக்கிறதா...

இருக்கிறது.

கோப்பைத் தேடிப் பார்த்தேன். அங்கே இருந்தது. பதிந்த நேரம் இரண்டு நாற்பத்து மூன்று. நான் கீழே இருந்த நேரம். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் பெயர் இருக்கும். இந்தக் கோப்பில் பெயருக்குப் பதிலாக வெறும் எண். அப்படிக் காட்டினால், அந்த ஆள் இந்தக் கம்ப்யூட்டரின் கணக்கிலேயே இல்லை என்று அர்த்தம். கணக்கில் இருந்தது நான் ஒருத்திதான்.

யார் வந்தார்கள் என்று கீழே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அது மறைந்துவிடுமோ என்று பயம். ஆதாயம் வரும்போது கேள்வி கேட்காத புத்தி எனக்குள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது கட்டளை. மேக். ஒவ்வொரு கோப்பாகக் கட்டிக்கொண்டு போனது. பாதியில் சிவப்பு எழுத்து. தம்பி எழுதிய கோப்பு ஒன்றில் பிழை. திறந்தேன். எதுவும் புரியவில்லை. ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் மூடினேன். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதேன். ஒரு நிமிடம் இருக்கும்.

டக்... டக்டக்...

மழை சன்னலில் அடிக்கும் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு. ஏற்கெனவே கட்டியதை மறுபடியும் கட்டாது. கடைசியாகக் கட்டிய பிறகு எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ, அதை மட்டும் எடுக்கும். பிழை வந்த கோப்பில் மறுபடியும் முட்டும் என்று தெரிந்தேதான் அடித்தேன்.

அது வேறொரு கோப்பை எடுத்தது. முன்பே நல்லபடியாகக் கட்டி முடித்த கோப்பு. நான் திறக்கவே திறக்காத கோப்பு.

அப்படியானால் அதை யாரோ இப்போது மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து, பிழை வந்த கோப்பு. தாண்டியது. அடுத்தது. அதையும் தாண்டியது.

விசைப்பலகையில் கை வைத்தேன். ஈரம். சன்னல் சாத்தியிருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. ஏன் செய்தேன் என்று தெரியாது, விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

மழைத்தண்ணீர் உப்புக் கரிக்காது. கண்ணீர் இப்படிச் சாவிகளுக்கிடையே தேங்காது.

மூன்று பத்து. இன்ஸ்டால் முடிந்தது. மென்பொருளைத் திறந்தேன். கடல் வரைபடம் வந்தது. வெறும் நீலம். காத்திருந்தேன்.

ஒரு புள்ளி.

பாறைத்திட்டுக்கு வடக்கே, யாரும் வலை போடாத இடத்தில். புள்ளியின் பக்கத்தில் பெட்டியின் எண் வர வேண்டும். இதில் அந்த இடம் காலியாக இருந்தது. சில நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்க வேண்டிய புள்ளி, மூச்சு விடுவதுபோல விடாமல் துடித்தது.

கீழே ஓடி இடத்தைச் சொன்னேன். மீசைக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

"உன் தம்பி பெட்டிதானா? நம்பர் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னோட ஆறு பேர் வராங்க. எல்லாரும் புள்ளகுட்டிக்காரங்க. உறுதியா?"

"உறுதி."

மூன்று பதினெட்டுக்குப் படகு கிளம்பியது. நான் மாடிக்குத் திரும்பினேன். ஏழு உயிரைப் பந்தயம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்ற நினைப்பு படியேறும்போதுதான் உறைத்தது.

மூன்று முப்பத்தொன்று.

புள்ளி நகர்ந்தது.

பாறைத்திட்டை விட்டு விலகியது. நேர்கோட்டில். கரையை நோக்கி. இந்த அலையில் எந்தப் படகுக்கும் வராத வேகம். எதிரே போய்க்கொண்டிருந்த மீட்புப் படகு பக்கம் அது திரும்பவே இல்லை.

அப்படியானால் நான் அவர்களை வெறுங்கடலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மீட்புப் படகோடு பேசும் வயர்லெஸ் கீழே இருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். எழுந்துகொள்ளப் பார்த்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

புள்ளி துறைமுக வாயிலுக்குள் நுழைந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். வாயிலில் படகு எதுவும் இல்லை. நுரைதான்.

புள்ளி படகுத்துறையைத் தொட்டது.

நிற்கவில்லை.

தரையில் ஏறியது.

தெருவைக் கடந்தது. மெதுவாக. நடக்கிற வேகம்.

எங்கள் கட்டிடத்தின் மேல் வந்து நின்றது.

கீழ்ப்படியில் ஒரு சத்தம்.

ச்சப்...

ச்சப்...

நனைந்த துணியைத் தரையில் போட்டு எடுப்பதுபோல.

"யாரு?" என்றேன்.

ச்சப்...

அறை வாசல்.

கடல் வாடை.

எழுந்தால் திரும்ப வேண்டும். திரும்பினால் பார்க்க வேண்டும்.

என் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த மூச்சு. திரையில் புள்ளி துடித்தது. அதே தாளம்.

மூச்சு... துடிப்பு.

மூச்சு...

"அண்ணி!"

கீழேயிருந்து தம்பி மனைவியின் குரல். "அண்ணி, வயர்லெஸ்ல சொல்லிட்டாங்க. நீங்க சொன்ன எடத்துலயே இருக்காங்களாம். நாலு பேரும் உசுரோட இருக்காங்களாம்."

லேப்டாப்பை அறைந்து மூடினேன். கண்ணை இறுக்கிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் கீழே இறங்கினேன்.

கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். தம்பிக்கு ஒரு கை முறிந்திருந்தது. அவ்வளவுதான். மீசைக்காரர் என் தலையில் கை வைத்து, "உன் தம்பி சொல்ற மாதிரி பேப்பர் போடற ஆளு இல்லம்மா நீ" என்றார். எனக்கு அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் எலெக்ட்ரீஷியன் மொட்டைமாடிக்கு ஏறினார். ஆன்டெனா கேபிள் நடுவில் ஒரு முழம் அளவுக்குக் கருகி அற்றுப்போயிருந்தது. "இடி விழுந்தப்பவே போயிருக்கும். இதுக்கப்புறம் ஒரு சிக்னலும் வந்திருக்காதே" என்றார். மூடிய லேப்டாப்பை யாரையும் திறக்க விடவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தம்பியையே கட்டச் சொன்னேன்.

கைக்கட்டு பிரித்த அன்று, அவன் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டேன்.

"அந்தப் பெட்டி எப்படிடா தண்ணிக்குள்ள வேலை செஞ்சுது?"

"எந்தப் பெட்டி? படகு கவுந்ததுமே அது முழுகிடுச்சுக்கா."

நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நாங்க நாலு பேரும் இதை யார்கிட்டயும் சொல்றதில்லன்னு பேசி வச்சிருக்கோம். ஏறும்போது நாலு பேரு. தண்ணில அஞ்சு பேரு இருந்தோம். அப்ப அது யாருக்கும் வித்தியாசமா தோணல. அவரும் எங்ககூடவே வந்த ஆளுன்னுதான் இருந்துச்சு. கைய விட்டுடலாம்னு தோணும்போதெல்லாம், 'உங்க அக்கா கட்டிக்கிட்டிருக்காங்க, பாதி முடிஞ்சிடுச்சு, பிடிச்சுக்க'ம்பாரு."

"அப்புறம்?"

"கடைசில, 'படகு கிளம்பிடுச்சு. நான் போய் அக்காவைப் பாத்துட்டு வந்துடறேன்'னு கைய விட்டாரு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"உன்கிட்ட வந்தாராக்கா? திரும்பிப் போனதை நீ பாத்தியா?"