ராணிக்குக் கொடுத்த வெள்ளிக்காசு

அந்த வெள்ளிக்காசைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா இன்றைக்கும் எழுந்து குசினிக்குள் போய்விடுவார். மாமா கேட்காததுபோல் இருப்பார். ஆகவே நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமா அம்மாவின் தம்பி. டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில், எங்கள் வீட்டு மேலறையில் இருந்துகொண்டு நெசவாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். மாமியும் அவர்களின் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை இங்கே அழைக்க மனுப் போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்பதைத் தவிரக் கொப்பன்ஹேகனிலிருந்து வேறு மறுமொழி வரவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. டேனிஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பல்வைத்தியர் முதல் வரி அலுவலகம் வரை எங்கள் வீட்டுக்கு நானே மொழிபெயர்ப்பாளர். பிரதமருக்குக்கூட அவ்வளவு கர்வம் இருந்திருக்காது.

மாமாவோடு வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர், நிலத்துக்குள் புதைந்த உலோகத்தைத் தேடும் தன் பழைய மிசினை மாமாவிடம் கொடுத்தார். நீண்ட பிடி, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம். கீழே ஏதும் இருந்தால் ஹெட்போனுக்குள் கீச்சிடும். அதைக் கண்டதும் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"உது ஆமிக்காரர் கண்ணிவெடி தேடுற சாமானெல்லே? உதோட வாசல்படி ஏறாத, தம்பி!"

மிசின் சைக்கிள் கொட்டிலில் குடியிருக்க வேண்டியதாயிற்று.

ஊருக்கு வெளியே, உருளைக்கிழங்கு கிண்டி முடிந்த வயலொன்றில் தேடுவதற்குக் கமக்காரரிடம் அனுமதி கேட்டதும் நான்தான். அவர் தலையாட்டிவிட்டு ஒன்று சொன்னார்: பழைய பொன்னோ வெள்ளியோ அகப்பட்டால் நாமே வைத்துக்கொள்ள முடியாது, அந்தக் காலத்தில் அது ராஜாவுக்குச் சேர்ந்தது, இப்போதும் பழம்பொருள்கள் வைக்கும் நூதனசாலையில் ஒப்படைக்க வேண்டும். டென்மார்க்கில் இருப்பது ராஜா அல்ல, ராணி என்பது எனக்குத் தெரியும். ஆகவே 'ராணிக்குக் கொடுக்க வேண்டுமாம்' என்று திருத்தி மொழிபெயர்த்தேன். மாமா அப்படியே நின்றுவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரிக்கு அலுவலாகப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு கதலிக் குலையாவது, ஒரு கட்டு முருங்கைக்காயாவது கொண்டுபோவார்கள். தன் மனு ஏன் நகரவில்லை என்பது மாமாவுக்கு அந்த வயலில்தான் விளங்கியது. டென்மார்க்குக்கு அவர் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை.

அதன்பிறகு மழை, குளிர் என்று பார்க்காமல் சனிக்கிழமைதோறும் தேடினோம். போத்தல் மூடி, டிராக்டர் ஆணி, பாதி லாடம் என்று என்னென்னவோ வந்தன. எனக்கு எல்லாமே அதிசயம். கீச்சென்ற சத்தத்துக்கும் மண்ணை உதிர்ப்பதற்கும் இடையிலுள்ள அந்தச் சொற்ப நேரத்தில், உள்ளே எதுவும் இருக்கலாம். ஒருநாள் என் விரல்களுக்கிடையில் கறுத்த, மெல்லிய, நகத்தளவு காசொன்று வந்தது. இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து ஓடும் எழுத்து. மாமா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மிசினை வெறுத்த அம்மாவும் அன்று மனமிரங்கினார். "ராணிக்குக் குடுக்கிறதை ஊத்தையோடயே குடுக்கிறது?" என்று சாமித்தட்டிலிருந்து விபூதியை அள்ளி, வெள்ளிக் குங்குமச்சிமிழைத் துலக்குவதுபோல் அழுத்தித் துலக்கினார். காசு பளபளத்தது.

மாமா கோட்டும் டையும் அணிந்து, என்னையும் அழைத்துக்கொண்டு நூதனசாலைக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி காசைக் கண்டதும் கண்களை மூடிக்கொண்டார். நிலத்திலிருந்து எடுத்ததை ஒருபோதும் துலக்கக் கூடாதாம். எழுத்துக்குள் இருக்கும் இந்த வெள்ளைத் தூள் என்ன என்று கேட்டார். 'சாமியின் பவுடர்' என்றேன். பாவம், அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகமே மாறிவிட்டது. இது அரபு தேசத்துக் காசு, ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் கைமாறிக் கைமாறி இங்கே வந்திருக்கிறது, இனி இது டென்மார்க்கின் பொக்கிஷம் என்றார்.

"வெளிநாட்டுக் காசெண்டாலும் பரவாயில்லையாமோ?" என்று மாமா கேட்டார்.

அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததால்தான் இன்னும் அருமை என்றார் அதிகாரி. கண்டெடுத்தவருக்குச் சன்மானமும் கிடைக்குமாம்.

மாமா டையைச் சரிசெய்துகொண்டார். "காசு வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை. என்ர மனிசியையும் மகளையும் இஞ்ச விடச்சொல்லி ராணியிட்ட ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

ஒரு சொல்லும் விடாமல், உரத்த குரலில் மொழிபெயர்த்தேன். அதிகாரி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு, ராணிக்கு அந்த அதிகாரம் கிடையாது, தனக்கும் கிடையாது என்று மெல்லச் சொன்னார். வாசல்வரை வந்து மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன்.

"ஓம், ஓம். முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் மாமா. வழிநெடுகச் சந்தோசமாக இருந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு மறுமொழியும் வரவில்லை. மாமா பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். மிசினைத் தொடவேயில்லை. எங்கள் ஆட்களின் மனுக்களைக் கொப்பன்ஹேகனில் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது, மாமி வந்து சேர்ந்து, 'தமிழர் வழக்கு' என்று பத்திரிகைகள் எழுதி, அரசாங்கமே கவிழ்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒன்பது வயதில் அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் கொடுத்த காசு சின்னது, அதுதான் போதவில்லை என்று நினைத்தேன். பனி உருகியதும் ஒருவருக்கும் சொல்லாமல் மிசினை இழுத்துக்கொண்டு, பெரிதாக ஒன்று தேட வயலுக்குப் போனேன்.