சொட்டிய எண்ணெயும் காசீம் நானாவின் சாட்சியும்

போன வெள்ளிக்கிழமை முற்பகல் பன்வில மருந்தகத்தில் நான் களிம்பு குழைத்துக்கொண்டிருந்தபோது சாரதி சின்னையா படியேறி வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "காசீம் நானா போயிட்டாருங்கய்யா. விடியக்காலயில சுபஹுத் தொழுதுட்டு வந்து படுத்தவரு எந்திரிக்கல. சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கமாம். ஒங்ககிட்ட நேர்ல வந்து சொல்லணும்னு தோணுச்சு" என்றார். மருந்தகத்தைப் பூட்டிவிட்டு இருவரும் அடுத்த பஸ்ஸில் கண்டிக்குப் புறப்பட்டோம்.

அடக்கம் நடந்த மையவாடியில் பஸ் சாரதிகளும் கடைக்காரர்களும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுமாக நல்ல கூட்டம். அவர்களில் பலருக்குக் காசீம் நானா, அதாவது காசீம் அண்ணன், கெட்டிக்கார மெக்கானிக். கட்டுக்கலையில் இருந்த அவருடைய தகரக் கொட்டகைக்கு ஒருமுறையாவது போகாத கார் கண்டியில் குறைவு. ஆனால் அவருடைய கெட்டித்தனம் மட்டும் எனக்குப் பெரிதல்ல. அவரை அறிந்த உங்களில் சிலருக்குத் தெரியாத ஒன்றை, சின்னையாவின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

பன்விலவுக்கு வருமுன் நான் கண்டியில் மருந்து கலப்பவனாக வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஒரு நாள் சூடுபட்ட கையோடு காசீம் நானா வந்தார். நான் மருந்து பூசும்போது, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "அது எதுக்கு?" என்றார். மூன்றாவது பொருளுக்கு என்னிடம் பதில் இல்லை. "தெரியாட்டித் தெரியாண்டு சொல்லுங்க மருந்தையா, குத்தமில்ல" என்று சிரித்தார். அன்றிரவே புத்தகத்தைப் புரட்டி அதற்குப் பதில் தேடினேன். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

அந்த நாட்களில் எங்கள் சிறிய நோயாளர் உதவிச் சங்கத்திடம் ஒரு பழைய கார் இருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் பல வருடம் ஓட்டிக் கழித்தது. ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கடும் நோயாளிகளையும் பிரசவப் பெண்களையும் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவர அதை வைத்திருந்தோம். சின்னையா சாரதி. பழுது பார்ப்பது காசீம் நானா. நான் சங்கத்தின் செயலாளன்.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் காரின் என்ஜின் எண்ணெய் காணாமல் போகத் தொடங்கியது. காலையில் அளவு பார்த்து நிரப்பிவிட்டுப் போனால், மாலையில் திரும்பும்போது பாதிதான் இருக்கும். ஆனால் நிறுத்தும் கொட்டகைத் தரையில் ஒரு சொட்டுக்கூட இராது. என்ஜினின் பின்பக்க அடியில் கொஞ்சம் பிசுக்கு இருந்தது. பழைய கார் என்றால் அது இருக்கும்தானே என்று எல்லோரும் விட்டுவிட்டோம். ஒரு நாள், ஹேவாஹெட்டவிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வரும் வழியில் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் விழுந்துவிட்டது. சின்னையா உடனே என்ஜினை நிறுத்தியதால் என்ஜின் பிழைத்தது. அந்தப் பெண் சாலையோரத்து வீடொன்றில் பிள்ளை பெற்றாள். தாயும் பிள்ளையும் தப்பியது பெரிய காரியம்.

அடுத்த நாளே சங்கம் கூடியது. தரை காய்ந்திருக்கிறது, ஆகவே கார் ஒழுகவில்லை. ஒழுகவில்லை என்றால் யாரோ வழியில் எண்ணெயை வடித்து எடுக்கிறார்கள். முடிவு அதுதான். ஆஸ்பத்திரி வாசலில், எல்லோரும் பார்க்கச் சின்னையாவிடமிருந்து சாவியை வாங்கினார்கள். "நான் எடுக்கலைங்க, எம்புள்ளைங்க மேல சத்தியம்" என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவருடைய மனைவி பொதுக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்க வரவில்லை என்று பிறகு அறிந்தேன்.

காரில் ஒழுக்கு இல்லை என்று காசீம் நானா ஒரு வரி எழுதித் தந்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார் சங்கத் தலைவர். அதை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள். காசீம் நானா காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கொட்டகையில ஒழுகல்ல. அதுக்காக கார் ஒழுகல்லண்டு எழுத ஏலா. அது நிண்டுகிட்டா நோயாளி ஏத்துது? மலையில ஏறக்க என்ன செய்யுதுண்டு பாக்கணும். நாளைக்கு அந்த சின்னையாவையும் கூட்டிக்கொண்டு வாங்க."

"சாவி சங்கத்திட்ட எல்லோ இருக்குது, நானா."

"செயலாளர் நீங்கதானே? எடுத்துக்கொண்டு வாங்க."

மறுநாள் காலை சாவியையும் எடுத்து, சின்னையாவையும் கூட்டிக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் அதுவாக இருக்கலாம்.

அன்று காலை அவர் செய்ததை நான் வியந்து பார்த்தேன். என்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டார். பிறகு என் மருந்தகத்திலிருந்து வயிற்றுப்போக்கு மருந்துக்கு வைத்திருந்த சுண்ணத்தூளைக் கேட்டு வாங்கி, மெல்லிய துணியில் கட்டி, என்ஜின் மேல் தட்டித் தட்டித் தூவினார். என்ஜின் திருநீறு பூசியதுபோல் ஆனது. "இனி எண்ணெய் எங்கால வந்தாலும் அடையாளம் வச்சிட்டுத்தான் போகும்" என்றார்.

மூவரும் ஹேவாஹெட்ட பாதையில் புறப்பட்டோம். தலாத்துஓயா வரை தூள் அப்படியே வெள்ளையாக இருந்தது. சின்னையாவின் முகம் வாடிப்போயிற்று. ஏற்றம் தொடங்கி இரண்டு மைல் போனதும் மீண்டும் நிறுத்திப் பார்த்தோம். என்ஜினின் பின்பக்கம் நனைந்திருந்தது. "பின்னால்தான் ஒழுகுது!" என்று நான் கத்தினேன். காசீம் நானா தலையை ஆட்டினார். "சொட்டுற எடம் வேற, ஒழுகுற எடம் வேற, மருந்தையா. எண்ணெய் கீழ எறங்கும், முன்னால சுத்துற காத்தாடி அதப் பின்னால தள்ளும். நாம மேலயும் முன்னாலயும் போகணும்." விரலால் தொடாமல், ஈரக் கோட்டைக் கண்ணாலேயே மேல்நோக்கிப் பின்தொடர்ந்தார். பக்கவாட்டில், அழுத்த முள்ளுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய செப்புக் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் அந்தக் கோடு முடிந்தது. ஆனால் நின்ற காரில் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

அவர் பொனட்டின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றினார். முன்சக்கரத்து மட்கார்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "பெல்ட்டைப் புடிச்சிக்கொள்ளுங்க. சின்னையா, மொதல் கியர்ல மெல்ல ஏத்து" என்றார். மிதிபலகையில் நின்று அவருடைய இடுப்புப் பட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். கார் முக்கி முக்கி ஒரு வளைவில் திரும்பியதும் அதன் உடல் முறுக்கிக்கொண்டது. அப்போது நானும் கண்டேன். குழாயில் ஈயப் பற்றுவைத்து ஒட்டிய இடத்தில் தலைமயிர் அளவு வெடிப்பு ஒன்று வாய் திறந்து, புகைபோல எண்ணெயைப் பீய்ச்சியது. வளைவு முடிந்ததும் மூடிக்கொண்டது.

"நிப்பாட்டு!"

சின்னையா இறங்கி ஓடிவந்தார். காசீம் நானா எழுந்திருக்கவில்லை. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக இறங்கி, எண்ணெய் தெறித்த முகத்தைத் துடைக்காமலே சொன்னார்:

"இது எண்ட கை வேல. போன வருஷம் நான்தான் இந்த ஈயப் பத்துப் போட்டேன். கொழாயையும் கட்டையா வெட்டி இழுத்துப் பூட்டிட்டேன். ஆட எடமில்லாம நடுங்கியே வெடிச்சீக்கி. சின்னையா, ஒன்னக் கள்ளனாக்கினது நான்தான்."

சின்னையா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த நாள் காசீம் நானா புதிய குழாய் போட்டார். இம்முறை நீளமாக எடுத்து, நடுவில் இரண்டு சுற்றுச் சுருட்டி, என்ஜின் எவ்வளவு ஆடினாலும் அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும்படி அமைத்தார். மறுபடி சுண்ணம் தூவி ஹேவாஹெட்ட வரை ஏறி இறங்கினோம். தூள் கலையவில்லை.

சங்கக் கூட்டத்தில் பழைய குழாயைத் தலைவரின் மேசையில் வைத்தார். தலைவர் நல்ல மனிதர். எல்லோருக்கும் சுலபமான வழி ஒன்றைக் காட்டினார்: "பழைய கார், பழைய குழாய். அப்படியே எழுதிவிடுவோம்."

"கொழாய் பழசில்ல ஐயா. நான் போட்டது. அப்படியே எழுதுங்க. சின்னையாட்ட சாவி வாங்கின அதே எடத்துல, அதே ஆக்களுக்கு முன்னால வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தலைவரே சாவியைச் சின்னையாவின் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். தன் பிழையை ஒப்புக்கொண்ட மெக்கானிக்கிடம் இனிக் காரைக் கொடுப்பதில்லை என்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். மூன்று மாதம் கார் வேறு கராஜுக்குப் போனது. காசீம் நானா அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. "அவங்க பயம் நியாயம்" என்றார், அவ்வளவுதான். ஆனால் சின்னையா ஒவ்வொரு முறை மலையேறும் முன்பும் கட்டுக்கலைக்குப் போய், காசீம் நானாவிடம் காரை ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். "யாரு கராஜுல வேணும்னாலும் விடட்டும். நானா பாக்காம நான் ஏத்த மாட்டேன்" என்று தலைவரின் முகத்துக்கு நேரே சொன்னதும் அவர்தான். நான்காம் மாதம் கார் திரும்பி வந்தது.

அவர் பழுது பார்த்த கார்களைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். என்னிடம் அவர் விட்டுச் சென்றது வேறு. சென்ற ஆண்டு பன்விலத் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லய வீடொன்றிலிருந்த குழந்தைக்கு அளவு பிழையாகக் கலந்த மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டேன். கணக்கைத் திரும்பப் பார்த்ததும் சரியான மருந்தைக் கலந்து எடுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளை இன்னும் குடித்திருக்கவில்லை. வேறொரு சாக்குச் சொல்லிப் போத்தலை மாற்றியிருக்கலாம்; யாருக்கும் தெரியாது. தாயின் முன்னால் நின்று, "பிழை என்ர பிழைதான் அம்மா. அளவைக் கூட்டிப் போட்டன். இதைக் குடுக்காதேங்கோ" என்றேன். அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் என்னைத் திண்ணையில் உட்காரச் சொன்னாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"சரியான மருந்த நீங்களே ஊட்டிவிட்டுட்டுப் போங்கய்யா" என்றாள்.