சூடோ போட்டவர்கள்

மகள் இப்போது சைக்கிளில் தானே பள்ளிக்குப் போய்வருகிறாள். அவள் எல்.கே.ஜி. படித்த அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது.

கோவில்பதாகையில் வாடகை வீடு. பிரசவத்துக்காக விட்ட வேலையை மறுபடி பிடித்தே தீருவது என்று வெறியோடு இருந்தேன். பலரும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றில் ஏதாவது திருத்தம் செய்து காட்டினால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவதாக அம்பத்தூரில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு புது நிரல்மொழியை நிறுவித்தரும் ஸ்கிரிப்ட்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, எடுத்துக்கொண்டேன்.

ஆவடியில் நான் படித்த மாலைநேரக் கணினி வகுப்பில், எந்தக் கட்டளைக்கும் முன்னால் 'சூடோ' போட்டுப் பழக்கியிருந்தார்கள். போட்டால், நிர்வாகியே சொன்னதாக நினைத்துக் கணினி மறுபேச்சில்லாமல் செய்யும். இந்த ஸ்கிரிப்ட்டும் செய்தது. ஆனால் மொழியை நிர்வாகியின் கணக்கில் வைத்துவிட்டு 'முடிந்தது' என்றது. நம் கணக்கிலிருந்து அந்த மொழியைக் கூப்பிட்டால் அப்படி ஒன்றே கிடையாது என்றது. கூடப் படித்த உள்ளூர்க்காரர் ஒருவர் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்துச் சலித்துப்போய் எனக்கு போன் செய்தார்.

"இன்னாக்கா இது? முடிஞ்சிச்சின்னு சொல்லுது, தேடுனா ஒண்ணியும் காணோம்."

மொழியை உருவாக்கியவர்களுக்கு எழுதினேன். சூடோ போடாதீர்கள் என்று நிறுவும் குறிப்பிலேயே இருக்கிறதே என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறிப்பைப் படித்துவிட்டா ஊரில் எல்லாரும் நிறுவுகிறார்கள்?

ஸ்கிரிப்ட்டை யார் ஓட்டுகிறார்கள் என்று முதலிலேயே பார்த்து, சூடோ போட்டிருந்தால் அங்கேயே நின்று, அது இல்லாமல் ஓட்டும்படி பணிவாகச் சொல்லும் சில வரிகளை எழுதினேன். மத்தியானங்களில் மகள் என் மடியில் தூங்குவாள். நான் நிறுவுவதும் அழிப்பதுமாக, விசைகளைச் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருப்பேன். மொழியை உருவாக்கியவர்களுக்கு அனுப்பியபின் வாரக்கணக்கில் பதிலே இல்லை. அவ்வளவுதான், வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது போனில் செய்தி வந்தது. என் வரிகளை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம், நன்றியாம். நடுத்தெருவிலேயே அவளைத் தூக்கிச் சுற்றினேன். அம்மா வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேன்.

அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள், "அப்போ என்னை யாரும்மா கூட்டிட்டு வருவாங்க?"

கனமாகத்தான் இருந்தாள். வீடு வரும்வரை அவளை நான் இறக்கிவிடவில்லை.