வாடை வரும் திசை

காஞ்சிபுரத்தில் நாங்கள் சிலர் கூடும் தமிழ் மன்றத்தில் தலைவர் சென்ற மாதம் ஒரு தீர்ப்புச் சொன்னார். பயிரை வாட்டும் குளிர்காற்று என்பதால்தான் அதற்கு வாடை என்று பெயராம். அதுவும் இன்று ஏட்டில் மட்டும் உள்ள சொல்லாம். வடக்கிலிருந்து வருவது வாடை, குடக்காகிய மேற்கிலிருந்து வருவது கோடை என்று நான் எழுந்து சொன்னேன். "எந்தக் குடியானவன் வாடை என்கிறான், காட்டுங்கள்" என்றார். சபை சிரித்தது. எனக்கு வரவேண்டிய தலைமைப் பண்டிதர் வேலையை வாங்கிக்கொண்டவரும் இவரே என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. அடுத்த கூட்டத்துக்குள் காட்டாவிட்டால் அந்தச் சிரிப்பு நிலைத்துவிடும்.

மார்கழி ஞாயிறு ஒன்றில் காலை ஆறரை பஸ்ஸில் உத்திரமேரூர் புறப்பட்டேன். சுமார் பதினேழு மைல். பள்ளம் அதிகம், முன் இருக்கையே நல்லது. காப்பி குடித்துவிட்டு ஏரிக்கரையில் நடந்தேன். காது விறைத்தது. யார் வாயிலும் சொல்லைத் திணிப்பதில்லை என்று உறுதி செய்திருந்தேன். தலைவருக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ஏரியைத் தாண்டி ஒரு மாட்டுக்கொட்டகை. முந்தின நாள் பிறந்த கன்று நடுங்கிக்கொண்டு கிடந்தது. பால் குடிக்க எழவில்லை. வீட்டுக்காரர் பனையோலைத் தட்டியைத் தெருப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஓடி வந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற? அங்க கட்டினா வாடை நிக்குமா? வடக்கால கட்டு!"

"போறவன் வர்றவன் கண்ணு பட்ருமேன்னு கட்டினேன்."

"கண்ணு பட்டா உப்பு சுத்திப் போட்டுக்கலாம். வாடை பட்டா கன்னு போயிடும்." பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா சார், வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? கயித்தப் புடிங்க!"

பிடித்தேன். தட்டி வடக்கே மாறியதும் என் கழுத்தில் அறைந்த காற்று நின்றது. சற்று நேரத்தில் கன்று தள்ளாடி எழுந்து மடியை முட்டியது.

அந்தத் தெரு முழுவதும் பார்த்தேன். எல்லாக் கொட்டகைகளிலும் தட்டி வடக்கில்தான். வெறும் வாட்டுகிற குளிர் என்றால் எந்தப் பக்கமும் கட்டலாமே! சங்கப் புலவர்கள் பாடிய சொல், திசை மாறாமல், ஒரு கன்றைக் காப்பாற்ற நிற்கிறது. நான் வாங்கிய எந்தப் பட்டமும் எனக்கு இவ்வளவு பெருமை தந்ததில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். "மாட்டுக்கொட்டகை ஆதாரமாகாது" என்றார் தலைவர். இந்த முறை சபை சிரிக்கவில்லை.

போக விரும்புகிறவர்கள் மார்கழியில், விடிந்ததும் முதல் பஸ்ஸில் போங்கள். கம்பளி அவசியம். தலைவர் வருவதானால் பஸ் சார்ஜை நானே கொடுக்கிறேன். தட்டிக்கு வடக்கே அவர் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.