போச்சே போட்டிக்கு ஆள் சேர்த்தது

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் தமிழ்ச் சங்கத்தவர்கள் நாங்கள் ஞாயிறுதோறும் போச்சே விளையாடுவோம். மண்தரையில் பந்தை உருட்டி, சின்னப் பந்துக்குக் கிட்ட நிறுத்தவேண்டும். பகிடிக்கு விளையாட எல்லோரும் வருவார்கள். கோப்பைப் போட்டி என்றால் ஒருவரும் பெயர் தரமாட்டார்கள். ஆள் சேராவிட்டால் போட்டியே இல்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

பக்கத்து மொண்டெல்லோக் கடற்கரையில் சமையல் வேலை செய்த என் மச்சானிடம் வெடித்தேன்.

"நோட்டீஸ் ஒட்டினன், வாய் நோகச் சொன்னன். இனி வெத்திலை வைச்சு அழைக்கோணுமோ?"

"ஓம், வீட்டை வந்து கேளும். நானாப் பேர் குடுத்துத் தோத்தாச் சனம் சிரிக்கும். நீர் கேட்டு நான் வந்து தோத்தா, உம்மை ஏசலாம்."

வீடு வீடாகப் போனேன். ஆட்கள் சேர்ந்தார்கள், போட்டி நடந்தது. தோற்றவர்கள் எல்லோரும் என்னை ஏசினார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்ற மச்சான்தான் பலமாக ஏசினார்.

துணிவு வராதவருக்குப் பழி சொல்ல ஓர் ஆள் தேவை. முணுமுணுத்துக்கொண்டே அந்த ஆளாக நின்றேன். அடுத்த வருடமும் நின்றேன்.