பாராயணத்தில் தம்பி நிறுத்திய இடங்கள்

என் தம்பி மறைந்து இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. வீட்டில் அவரை வா, போ என்றுதான் பேசினேன். அச்சில் ஏறும் இடத்தில் அவர் என்றே எழுதுகிறேன். இதை வாங்கிப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் கடைசி வரை படிக்கும்படி வேண்டுகிறேன்.

தம்பி பிறந்தது ஸ்ரீரங்கத்தில், எங்கள் சித்திரை வீதி வீட்டில். எனக்கு அப்போது வயது பதினான்கு. நான் திருச்சியில் முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தம்பி பாசுரங்களைக் கற்று, அவற்றை ஓதும் கோயில் கோஷ்டியில் சேர்ந்தார். இருபத்து நான்கு வயதில் மனைவியை இழந்தார். குழந்தை இல்லை. அதன் பின் எங்களோடுதான் இருந்தார். அவர் கோபித்துப் பேசி நான் கேட்டது இல்லை.

இருபத்தாறாவது வயதில் அது ஆரம்பித்தது. பாசுரம் சொல்லிக்கொண்டே வருவார், பாதி அடியில் குரல் நிற்கும். கண் திறந்திருக்கும். உதடு எதையோ மெல்லும். வலது கை உத்தரீயத்தின் நுனியைப் பிடித்துப் பிடித்து விடும். நான் மனத்துக்குள் எண்ணுவேன். எழுபது முதல் தொண்ணூறுக்குள் திரும்பி வருவார்.

"அண்ணா, போயிட்டு வந்தேனா? எத்தனை?"

"எழுபத்தெட்டு."

"பரவாயில்லையே. போன தடவைக்குச் சீக்கிரம் வந்துட்டேன்."

ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் நெய் தீய்ந்த வாசனை வரும் என்பார். வேறு யாருக்கும் வராது. கோஷ்டியில் எல்லோரும் அதைப் பக்திப் பரவசம் என்றார்கள். பாசுரத்தில் உருகி நிற்கிறார் என்று காலில் விழுந்தவர்கள் உண்டு. நானும் பெருமைப்பட்டேன். அப்படியே ஆறு வருஷம் போயிற்று.

ஒரு பெருமாள் புறப்பாட்டின்போது தம்பி அந்த நிலையில் வரிசையை விட்டு நடந்து, குடை பிடித்தவரின் வேஷ்டியைப் பற்றி இழுத்துவிட்டார். கோஷ்டிப் பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். "பரவசம்னு நெனச்சோம் ஓய். இது வேற ஏதோ சேஷ்டை. அகத்துலயே இருக்கச் சொல்லும்" என்றார். காலில் விழுந்தவர்கள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். மந்திரிக்க மூன்று இடம் போனோம். அதில் நான்கு வருஷம் போயிற்று.

பிறகுதான் பாலக்கரையில் ஒரு கிறிஸ்தவ டாக்டரிடம் போனோம். நான் எண்ணி எழுதிய நோட்டு முழுவதையும் அவர் பொறுமையாகப் படித்தார்.

"கை கால் இழுத்தாத்தான் வலிப்புன்னு இல்லைங்க. இது நெத்திப்பொட்டுப் பக்கத்து மூளையிலேருந்து கெளம்புற வலிப்பு. உங்க தம்பிக்குப் பக்தியும் இருக்கு, வலிப்பும் இருக்கு. நீங்க கணக்கு வாத்தியார். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கூட்டாதீங்க."

முதலில் புரோமைடு கொடுத்தார். உடம்பெல்லாம் பரு வந்தது, நாளெல்லாம் தூக்கம். அதைவிட நல்ல மருந்து வேண்டுமென்று நான் பட்டணத்துக்கு நான்கு முறை போனேன். அங்கே பெரிய டாக்டர் ஒருவர் ஜெர்மன் மாத்திரை எழுதினார். நாளுக்கு இரண்டு. மாதம் ஒன்பது முறை வந்துகொண்டிருந்த வலிப்பு, வருஷத்துக்கு மூன்று முறையாகக் குறைந்தது. ஆனால் பாசுரம் மறந்தது. நூற்றுக்குப் பதினைந்து அடி தவறியது. சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அடி எடுத்துக் கொடுப்பேன். மறுபடி கோஷ்டியில் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் தம்பியின் ஆசை. டாக்டர் சொன்னபடி ஆற்றுக் குளியலையும் விட்டிருந்தார். பதினோரு வருஷமாக வீட்டு அண்டாத் தண்ணீர்தான்.

யுத்தம் வந்தது. ஜெர்மன் சரக்கு நின்றது. இருப்பு இருந்த கடைகளை எல்லாம் எழுதி எழுதிக் கேட்டேன். கடைசியில் டப்பாவில் நாற்பத்தாறு மாத்திரை மிஞ்சின. இருபத்து மூன்று நாளுக்கு வரும். அடுத்தது எப்போது என்று தெரியாது. நான் பாக்குவெட்டியால் மாத்திரையைப் பாதியாக நறுக்கினேன்.

என் மனைவி, "மனுஷா மண்டையிலயும் பின்னம் போடறேளே. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுண்டு வாங்கோ" என்றாள்.

"பாதி போட்டா ரெட்டிப்பு நாள். இதுக்கு டாக்டர் எதுக்கு?" என்றேன். பாலக்கரை, குதிரை வண்டியில் முக்கால் மணி நேரம்.

தம்பி கையில் வைத்துப் பார்த்தார். "சின்னதா இருக்கே அண்ணா?"

"இப்போ இப்படித்தான் வரது" என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இரண்டு வாரத்தில் தம்பியின் முகம் தெளிந்தது. பாசுரம் திரும்பி வந்தது. பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கோஷ்டிப் பெரியவரை வீட்டுக்கு அழைத்து, முந்நூறு அடி சொல்லிக் காட்டினார். ஓரடி தவறவில்லை. "நாளைக்கே வந்து வரிசையில நில்லும்" என்றார் பெரியவர். அன்று தம்பி அழுதார். மருந்து குறைந்ததனால்தான் பாசுரம் வந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இருபதாம் நாள் விடிந்ததும், "அண்ணா, கோஷ்டியில நிக்கப்போறவன் அண்டாத் தண்ணியில குளிச்சுட்டா போவான்? மூணே மூணு முழுக்கு. நீயும் வாயேன்" என்றார். நான் மறுக்கவில்லை.

காவிரிப் படித்துறையில் நான் இரண்டு படி மேலே நின்றேன். முதல் முழுக்கு. இரண்டாவது முழுக்கு. மூன்றாவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரோ நெய்யைத் தீய விட்டுட்டா" என்றார். சொல்லிக்கொண்டே அமிழ்ந்தார்.

இருபத்தொரு வருஷப் பழக்கம். எண்ண ஆரம்பித்தேன். நாற்பது வந்தபோதுதான் அவர் இருப்பது தண்ணீருக்குள் என்பது உறைத்தது. குதித்தேன். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது.

எங்கள் இருவரையும் கரையேற்றிய பரிசல்காரர் இருவருக்கும் நன்றி. வண்டி வைத்துக்கொண்டு ஓடி வந்த டாக்டருக்கு நன்றி. "பாதியாக் குறைச்சா அது சும்மா இருக்காதுங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அன்று கோஷ்டியில் தம்பி நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுப் பாராயணம் செய்த பெரியவர்களுக்கு நன்றி. ஓராண்டாக என்னைக் குற்றம் சொல்லாத என் மனைவிக்கும் நன்றி.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பாதிப் பேச்சில் நின்றால் பரவசம் என்றும் பேய் என்றும் சொல்லாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அவரைக் கேட்காமல் மாத்திரையை நறுக்காதீர்கள். முழுதாகவே கொடுத்திருந்தால் அன்று காலை டப்பாவில் இன்னும் எட்டு இருந்திருக்கும்.

பதினோரு நாள் கழித்துப் பட்டணத்திலிருந்து தபாலில் மாத்திரை வந்தது. வேறு நோயாளிகளுக்கு உதவட்டும் என்று டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் எண்ணினேன். நூறு. ஒன்றும் குறையவில்லை.