ஊதா முக்காடு

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பாம்புகள் குடியிருந்தன. கல்லில் செதுக்கிய பாம்புகள்தான். ஆனால் எங்களுக்கு முன்னாலேயே வந்தவை. நம்மைக் காலி பண்ணச் சொன்னாலும் அதுங்களைச் சொல்லமாட்டார்கள் என்று அப்பா கேலி பேசுவார். ஜோகுபாளையத்தில் அந்த வீட்டை எங்களுக்குக் கொடுத்தபோது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனையும் அப்படி. அரச மரத்தில் கை வைக்கக்கூடாது. செவ்வாய், வெள்ளிகளில் பின்பக்கத்துத் தகரக் கதவைத் தாழ் போடக்கூடாது, மரத்தடிக்குக் கும்பிட வருகிறவர்கள் வந்து போவார்கள். நாங்களோ ஜெபமாலையும் கையுமாகப் போய் நின்ற வேதக்காரக் குடும்பம். ஆனாலும் அப்பாவுக்குப் பீன்யா ஃபாக்டரியில் கிடைத்த சம்பளத்துக்கு அதைவிட நல்ல வீடு அமையாது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு பால் காய்ச்சினாள்.

அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அந்தக் கற்கள்தான். ஒன்றையொன்று பின்னிக்கொண்டு படமெடுத்து நிற்கும். வருஷக்கணக்காகப் பூசிய மஞ்சளும் குங்குமமும் கறுத்துப்போய், எது கண் எது வாய் என்று தெரியாது. அம்மா முதல் வேலையாக அந்த ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினாள். அவள் தையல்காரி. கோவிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு வேண்டிய பீடத்துணியெல்லாம் எங்கள் வீட்டு மிஷினில் தைத்ததுதான். "வெளக்கு வெச்சப்புறம் அந்தப் பக்கம் போனே, கால ஒடிச்சிடுவேன்" என்று என்னை மிரட்டி வைத்திருந்தாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. மிரட்டினால் போய்ப் பார்க்கிற வயது.

மரத்தடிக்குத் தவறாமல் வந்தது கோடிவீட்டு அக்கா ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் விசேஷ நாட்களில் மட்டும்தான் பாம்பின் ஞாபகம் வரும். அக்காவுக்கு உண்டான பிள்ளைகள் எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்று பெரியவர்கள் குசுகுசுத்துக்கொள்வார்கள். இப்போது மறுபடி ஏழாவது மாதம். ஒரு கையில் பால் சொம்பு, ஒரு கை வயிற்றில் என்று மெதுவாகக் கற்களைச் சுற்றி வருவாள். அந்த நேரத்தில் பேசமாட்டாள், என்னைப் பார்த்தால் சிரிப்பாள். அம்மா திரையைக் கொஞ்சமாக விலக்கி அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கும் முன்பு ஒரு தம்பி பிறந்தான். பிறந்த அன்றே அவனை முகத்தையும் மூடித் துணியில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்களாம். கல்லறைத் திருநாளுக்கு ஒரு சின்ன மண்மேட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவோம். மற்றபடி வீட்டில் அவன் பேச்சே கிடையாது.

அந்த வருஷத் தவக்காலத்தின் ஆரம்பத்தில், பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். "நம்ம அக்கம்பக்கத்துல கும்பிடறாங்களே, அங்கயும் ஆண்டவர் நல்லத வெச்சிருக்காரு. அதப் பாக்கக் கத்துக்குங்க. நம்ம பீடத்துக்கு என்ன மரியாத குடுக்கறீங்களோ, அதையே அங்கயும் குடுங்க. கொறஞ்சா போயிடுவீங்க?" ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல.

மறுநாளே மரத்தடியைப் பெருக்கினாள். பெருக்கும்போது செருப்பைக் கழற்றிப் படியில் விட்டாள். ஜன்னல் திரையையும் எடுத்துவிட்டாள். பயம் போய்விட்டது என்று சொல்லமுடியாது. பெருக்கும்போதெல்லாம் அவள் வாய் மாதாவின் அருள்நிறை மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது சுரூபங்களை, அதாவது சாமி சிலைகளையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவோம். ஆண்டவர் பாடுபடும் காலம், அதனால் துக்கம். ஆண்டவர் உயிர்க்கும் பாஸ்கா பூசையில் மணியடித்த பிறகுதான் துணியை எடுப்பார்கள். சிலுவைக்கு மட்டும் பெரிய வெள்ளியன்றே. அதையும் ஒரேயடியாக உருவிவிடமாட்டார் சாமியார். முதலில் உச்சி, அப்புறம் ஒரு கை, அப்புறம் முழுசும் என்று நிதானமாகத் துணியை விலக்குவார், ஒவ்வொரு தடவையும் நாங்கள் முழங்கால் போடுவோம். சர்ச்சு முழுக்க மூடும் துணியைத் தைப்பது அம்மாதான். மிச்சத் துணியில் வீட்டுப் பீடத்து மாதாவுக்கும் சூசையப்பருக்கும் குழந்தை இயேசுவுக்கும் தைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மூன்று சுரூபங்களையும் மூடிவிட்டு, கையில் டேப்போடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விறுவிறுவென்று பின்பக்கம் போய்ப் பாம்புக் கற்களை அளக்க ஆரம்பித்தாள்.

"அடியே, சாமிக்கே அளவெடுக்கறியா? கை பத்திரம்" என்றார் அப்பா.

"மரியாதன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. இவங்கள மட்டும் தொறந்து போட்டுட்டு நம்ம சாமிய மூடறதா?"

அன்று சாயங்காலம் கற்களுக்கு ஊதா முக்காடு ஏறிவிட்டது. அடியில் சுருக்கு வைத்து, காற்றில் பறக்காதபடி கச்சிதமாகத் தைத்திருந்தாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது அதற்கப்புறம்தான். கல்லாக இருந்தவரை அவை வெறும் கல். மூடிய பிறகு அரச மரத்தடியில் யாரோ சின்னப் பிள்ளைகள் குந்திக்கொண்டு, துணியைப் போர்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. வீட்டுக்குள் வந்தால் பீடத்திலும் அதே ஊதா, அதே முகமில்லாத உருவங்கள். எந்த அறைக்குப் போனாலும் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். பங்குனி வெயிலில் மத்தியானம் தெருவே ஓய்ந்து கிடக்கும்போது நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அரச மரத்தில் ஒரு இலை ஆடாது. ஆனால் முக்காடு மெல்ல உப்பும், மெல்ல அமுங்கும், மறுபடி உப்பும். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தேன். கூடவே வைக்கோலை யாரோ கையால் தடவுகிற மாதிரி ஒரு சத்தம். அம்மாவிடம் சொன்னேன். "காத்துடி" என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவளும் பெருக்கப் போகவில்லை.

கோடிவீட்டு அக்கா அந்த வாரம் கோலாரில் தாய்வீட்டில் இருந்தாள். அவள் திரும்பி வந்தது புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை. தகரக் கதவு கிறீச்சிட்டதும் நான் ஜன்னலுக்கு ஓடினேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றுவிட்டாள் அக்கா. சொம்பு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பால் மண்ணில் ஓடி முக்காட்டின் ஓரத்தை நனைத்தது. அவள் கற்களைப் பார்த்தபடியே, முதுகைத் திருப்பாமல், பின்னாலேயே நடந்து போனாள். கதவு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா பயந்துட்டாங்கம்மா" என்றேன். "புள்ளத்தாச்சி, வெயில்ல தல சுத்தியிருக்கும்" என்று சொல்லி, கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள் அம்மா. கோடிவீட்டுக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, ஆனால் யாரும் திறக்கவில்லை. கஞ்சியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

பெரிய வெள்ளியன்று அப்பா காலையிலேயே சர்ச்சு வேலைக்குப் போய்விட்டார். அம்மா ஒருசந்தி இருந்தாள், தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. மூன்று மணிச் சடங்குக்கு நானும் அவளும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அக்காவின் மாமியார் தகரக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். அம்மா உள்ளே கூப்பிட்டாள்.

"பேடம்மா, வேணாம், நான் உள்ள வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க சாமி உங்களுக்கு என்னா பண்ணுச்சு? ஏம்மா மூஞ்சிய மூடினீங்க?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "மரியாதைக்குத்தாங்க மூடினேன்."

"மூஞ்சிய மூடறது செத்தவங்களுக்குத்தானம்மா? அன்னிக்குப் பாத்துட்டு வந்து படுத்தவ எந்திரிக்கல. பச்சத் தண்ணி எறங்கல. வயித்துல கொழந்த அசையலங்கறா. ஆஸ்பத்திரில துடிப்பு நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. இவ நம்பமாட்டேங்கறா. என் புள்ளையும் மூடிட்டாங்க, மூடிட்டாங்கன்னு அதையே சொல்லிட்டுக் கெடக்கறா. சாப்பிடாம கெடந்தா ரெண்டு உசுரும் போயிடும்மா."

"அய்யோ, நாங்க எங்க சாமியையும் மூடித்தாங்க வெச்சிருக்கோம்" என்று அம்மா பதறி, வீட்டின் பின்கதவை அகலத் திறந்து எங்கள் பீடத்தைக் காட்டினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார், வரிசையாக மூடிக் கிடந்த சுரூபங்களைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார். "ஊட்டுக்குள்ளயுமா?" என்றார். எங்களைப் பேயாகத்தான் நினைத்திருப்பார்.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். "செத்தவங்களுக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. சர்ச்சில் சிலுவையை முத்தமிடும் சிலுவை முத்திக்கு நேரமாகிறதே என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள்.

"அவள எப்படியாவது இங்க கூட்டிட்டு வாங்க. அவ கண்ணு முன்னாடி நான் எடுக்கறேன்."

"தொடாதீங்கம்மா. உள்ள என்னா இருக்கோ."

"நான்தானே மூடினேன். நான்தான் தொறக்கணும்."

அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கண்கள் உள்ளே போய், உதடு வெடித்து, இரண்டு கைகளாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு தகரக் கதவைப் பிடித்து நின்றாள். மேகம் மூடி வெயில் மங்கியிருந்தது. இலை ஆடவில்லை. முக்காடு உப்பி, அமுங்கியது. இந்தத் தடவை எல்லோரும் பார்த்தார்கள். மாமியார் என் தோளை இறுக்கிப் பிடித்ததில் எனக்கு வலித்தது.

புனிதமான ஒன்றிலிருந்து துணியை எடுக்க அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். செருப்பைக் கழற்றினாள். கிட்டே போய் உச்சியில் இருந்த துணியை மட்டும் மடித்து விலக்கினாள். ஒரு கல்லின் படமெடுத்த தலை தெரிந்தது. அம்மா மண்ணில் முழங்கால் போட்டாள். எழுந்து ஒரு பக்கத்தை விலக்கினாள், மறுபடி முழங்கால் போட்டாள். உள்ளே சரசரவென்று ஏதோ நகர்ந்தது. வேண்டாம்மா, வந்துடும்மா என்று கத்த நினைத்து, மாமியாரின் புடவையைப் பற்றிக்கொண்டேன். முழுத் துணியையும் இரண்டு கையாலும் தூக்கி எடுத்தாள்.

கற்களின் அடியில், நீளமாக, முழுசாக, கண் இருந்த இடம்கூடக் கெடாமல் ஒரு பாம்புத் தோல் கிடந்தது. அப்போதுதான் உரித்தது போல ஈரப் பளபளப்பு. பாம்பைக் காணவில்லை. மரத்தைச் சுற்றிலும் வெறும் மண், அதில் ஊர்ந்து போன தடமும் இல்லை.

"வந்து இருந்துட்டுத்தாம்மா போயிருக்காரு. உங்க துணிக்குள்ளயே இருந்திருக்காரு" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. முழங்காலில் இருந்தபடியே அக்காவைத் திரும்பிப் பார்த்து, "அசையுதா?" என்றாள்.

அக்கா மெல்ல நடந்து வந்து, அம்மாவின் மண் ஒட்டிய கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அக்காவும் அழுதாள். எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது, இவர்கள் ஏன் ஒப்பாரி வைக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அன்று அம்மா மறுபடி காய்ச்சிக் கொடுத்த கஞ்சியை அக்கா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தே குடித்தாள். குழந்தை ஆனி மாதத்தில் பிறந்தது. நல்ல அழுகைக்காரப் பெண்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகவில்லை. இருட்டுகிற நேரத்தில் அப்பா வந்து, "சிலுவ முத்தி செய்யக்கூட வரலியே, என்னா ஆச்சு?" என்று கேட்டார். "நேரமாயிடுச்சு" என்றாள் அம்மா. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா போய்ப் பாம்புத் தோலைப் பார்த்துவிட்டு வந்தார், அப்புறம் அன்றைக்குக் கேலியே பேசவில்லை.

அம்மா முகம் கழுவிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். மாதாவைத் தொடவில்லை, சூசையப்பரைத் தொடவில்லை. குழந்தை இயேசுவின் துணியை மட்டும் எடுத்தாள். முந்தானையால் அந்தச் சின்ன முகத்தைத் துடைத்தாள். தூசியே இல்லாத முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இன்னும் பாஸ்கா வரல! மணி அடிக்கலை! நான் சாமியார்கிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லு" என்றாள், திரும்பாமலே.

பட்டினியில் அவளுக்கு நாள் கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வருஷம் கற்களுக்கு அவள் துணி தைக்கவில்லை, அது எனக்குப் புரிந்தது. ஆனால் குழந்தை இயேசுவுக்கும் தைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் தைக்கவில்லை. துணி பத்தவில்லை போலிருக்கிறது என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.